மூன்று மாதத் தியானத்துக்கு எந்த விகாரை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 44 வயதுப் பெண். சிங்கப்பூரில் கணக்காய்வுப் பணி. கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாம் மூன்று முடித்திருக்கிறார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சம்பளமில்லா விடுப்பு கிடைத்திருக்கிறது. பர்மா (மியன்மார்), தாய்லாந்து, இலங்கை ஆகிய மூன்றில் எங்கே போய், எந்தப் பௌத்த விகாரையில் மூன்று மாதமும் தங்கலாம் என்று கேட்கிறார். நீரிழிவுக்கு மாத்திரை உண்டு. சைவ உணவு. "மதம் மாறப் போகிறாயா?" என்று அம்மா தினமும் கேட்கிறாராம்.

"அக்கா" என்று கூப்பிட்டுக் கேட்டதால் அக்காவாகவே பதில் சொல்கிறேன். நாட்டைத் தேடாதீர்கள், மலையையும் மரத்தையும் தேடாதீர்கள். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் உங்கள் எதிரே உட்கார்ந்து, உங்களுக்குப் புரியும் மொழியில், "நேற்று என்ன நடந்தது?" என்று கேட்கப்போகிற ஆசிரியர் யார் என்று தேடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். முதன்முதலில் நான் நீண்ட நாள் தங்கிய இடம் பர்மாவில் ஒரு மையம். பெயர் வேண்டாம், நல்ல இடம்தான். ஆசிரியர் பெரியவர், ஆனால் பர்மிய மொழி மட்டுமே பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வாரத்துக்கு இரண்டு முறை வருவார். நான்காவது வாரத்தில் உட்கார்ந்தால் போதும், காரணமே இல்லாமல் நெஞ்சுக்குள் பயம் கிளம்பும். பார்ப்பதெல்லாம் கரைந்துகொண்டே போகிறது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பது போன்ற பயம். இதை ஆங்கிலத்தில் விவரித்தேன். மொழிபெயர்ப்பாளர் அனுதாபத்தோடு தலையசைத்து ஆசிரியரிடம் சொன்னார். அவரும் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, படுக்கும் முன் மெத்தா (அன்பு) சுலோகங்களை உரக்கச் சொல்லும்படி சொல்லி அனுப்பினார். பத்து நாள் சொன்னேன். பயம் போகவில்லை. பிறகு பினாங்கிலிருந்து வந்திருந்த, பர்மிய மொழி தெரிந்த ஒரு மூத்த யோகி (தியானம் பயில வந்தவர்) விசாரித்துச் சொன்னார்: எனக்குப் பேய் பயம் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது இல்லை. தியானத்தில் பயமும் வெறுப்பும் சலிப்பும் வரும் கட்டங்களைப் பழைய பாலி நூல்களே வரிசையாகச் சொல்கின்றன. அதை அறிந்த ஆசிரியர் "பயம், பயம் என்று கவனித்து விடு" என்று ஒரு வரியில் முடித்திருப்பார். பத்து நாள் முகாமில் இதெல்லாம் பெரும்பாலும் வராது. மூன்று மாதத்தில் வரக்கூடும். அதனால்தான் மொழியை முதலில் வைக்கிறேன்.

அடுத்தது, விகாரை வேறு, தியான மையம் வேறு. நம்மவர்கள் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். விகாரை என்பது துறவிகள் வாழும் வீடு. அங்கே போகும் நாம் விருந்தாளி. காலை மூன்று மணிக்கு மணி அடிக்கும். பாலியில் ஓதுவார்கள். இலை கூட்டுவீர்கள், சமையல்கட்டில் உதவுவீர்கள். மீதி நேரம் உங்கள் குடிலில் நீங்களே உட்கார்ந்துகொள்ள வேண்டும். யாரும் கூப்பிட்டுத் தியானம் எப்படிப் போகிறது என்று கேட்கமாட்டார்கள். அந்த வாழ்க்கையே பயிற்சி என்பது அவர்கள் எண்ணம். தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் அஜான் சா என்ற துறவி 1975இல் வெளிநாட்டுச் சீடர்களுக்காக அமைத்த வாட் பா நானாசாட் இப்படிப்பட்ட இடம். அங்கே ஆங்கிலம்தான் நடைமுறை மொழி, ஒரு வேளைதான் உணவு. சில நாளுக்கு மேல் தங்கும் ஆண்கள் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொள்ள வேண்டும். துறவு வாழ்க்கையை உள்ளிருந்து பார்க்க விரும்பும் ஆண்களுக்கு அதைவிட நல்ல இடம் குறைவு. உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். பெண்களுக்கு அங்கே இடம் குறைவு, நீங்கள் தேடுவதும் அது அல்ல.

தியான மையம் பெரிதும் இருபதாம் நூற்றாண்டில் பர்மாவில் வளர்ந்த ஏற்பாடு. மகாசி சயடோ (1904–1982; சயடோ என்றால் பர்மாவில் மூத்த துறவி ஆசிரியர்) 1949இல் யாங்கோனுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கிய பிறகு, இல்லறத்தில் இருப்பவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கித் தீவிரமாகப் பயிலும் முறை பரவியது. ஒரு மணி நேரம் நடை, ஒரு மணி நேரம் அமர்வு, மறுபடி நடை. விடிவதற்கு முன்பிருந்து இரவு வரை இதுதான். வேறு வேலை கிடையாது. பேச்சு, வாசிப்பு, கைப்பேசி எதுவும் கிடையாது. பத்தடி தூரத்தைக் கடக்க இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும் மனிதர்களைத் தாழ்வாரத்தில் பார்ப்பீர்கள். இரண்டாம் வாரம் நீங்களும் அப்படித்தான் நடப்பீர்கள். இங்கே ஆசிரியருடன் நேர்காணல் உண்டு. நீங்கள் தேடுவது இந்த வகை.

முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் பயின்ற கோயங்கா மரபிலேயே நீண்ட முகாம்கள் இருக்கின்றன. ஆனால் இருபது நாள் முகாமுக்கே பத்து நாள் முகாமைக் குறைந்தது ஐந்து முறை முடித்திருக்க வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு. நீங்கள் மூன்றுதான் முடித்திருக்கிறீர்கள். ஆகவே வேறு முறைக்குப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்தே போக வேண்டும். மகாசி மையத்தில் உடல் முழுதும் கவனத்தை நகர்த்தும் பழக்கத்தை விட்டுவிட்டு, வயிறு எழுவதையும் தாழ்வதையும் பார்க்கச் சொல்வார்கள். பா அவுக் என்ற இன்னொரு பர்மிய மரபில் நீங்கள் முகாமின் முதல் மூன்று நாள் செய்தீர்களே, அந்த ஆனாபானம், அதாவது மூச்சைக் கவனிப்பது, அதையே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மனம் ஆழ்ந்து ஒருமுகப்படும் வரை செய்யச் சொல்வார்கள். ஷ்வே ஊ மின் என்ற மற்றொரு பர்மிய மரபில் சயடோ ஊ தேஜனியா, மனம் எந்தப் போக்கில் பார்க்கிறது என்பதையே பார் என்பார். அங்கே கட்டுப்பாடு இளகியதாகத் தோன்றும், உண்மையில் கடினம். இவற்றில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் போன இடத்தில் அவர்கள் முறையைச் செய்யுங்கள். இரண்டு முறையை ஒரே கிண்ணத்தில் கலந்து ஆசிரியருக்கு அறிக்கை சொன்னால் அவர் என்ன செய்வார்?

இனி நாடுகள். என் மனம் பர்மாவில்தான் இருக்கிறது, ஆனால் உங்களை இப்போது அங்கே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நாடு உள்நாட்டுப் போரில் இருக்கிறது. 2025 மார்ச்சில் மண்டலே, சகைங் பகுதிகளை நிலநடுக்கம் வேறு உலுக்கியது. மையங்கள் சில வெளிநாட்டு யோகிகளை ஏற்கின்றன என்றாலும், மூன்று மாதம் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு உட்காரும் ஒருவர் வெளியே என்ன நடக்கிறது என்று அறியாமல் இருக்க ஏற்ற இடம் அல்ல. வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பர்மாவின் ஆசிரியர் மரபு பர்மாவுக்குள் மட்டும் இல்லை என்பது நல்ல செய்தி. பக்கத்திலேயே பினாங்கில் மலேசிய பௌத்த தியான மையம் இருக்கிறது; மகாசி முறை, ஆங்கிலம். நேப்பாளத்தில் புத்தர் பிறந்த லும்பினியில் பண்டிதாராமா மையம் இருக்கிறது. மகாசியின் சீடரான சயடோ ஊ பண்டிதாவின் (1921–2016) மரபு அது. அங்கே வழிநடத்துபவர் ஜெர்மனியில் பிறந்த சயடோ ஊ விவேகானந்தா, ஆங்கிலத்தில் நேரடியாகப் பேசலாம். நீண்ட நாள் தங்குபவர்களைக் கையாண்டு பழகிய இடம். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் என் மனதில் வந்தது இதுதான்.

ஆனால் ஜூன், ஜூலையில் வேண்டாம். லும்பினி தராய்ச் சமவெளியில் இருக்கிறது. அந்த மாதங்களில் வெக்கையும் மழையும் கொசுவும் சேர்ந்து வாட்டும். சிங்கப்பூரின் தோ பாயோவில் மின்விசிறிக்குக் கீழே வளர்ந்தவர்கள் நாம், வெயில் பழக்கம்தானே என்று நினைக்காதீர்கள். இலங்கையிலும் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவமழை. மலைப்பகுதிக் குடில்களில் அட்டைகள் உங்களைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். தாய்லாந்து விகாரைகளில் ஜூலைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று மாத மழைக்கால வாசம் தொடங்குகிறது. துறவிகள் ஓரிடத்தில் தங்கும் காலம் அது; சில இடங்களில் புதியவர்களை நடுவில் சேர்ப்பதில்லை. அலுவலகத்தில் கேட்டு விடுப்பை நவம்பருக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். கணக்காய்வுக்காரருக்கு ஆண்டு முடிவு நெருங்கும் நேரம் சங்கடம் என்று தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

இலங்கையைப் பற்றி இரண்டு விஷயம். கண்டிக்கு மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நிலம்பே தியான நிலையம் இருக்கிறது. கொட்வின் சமரரத்ன (1932–2000) என்ற இல்லறத்தார் பல ஆண்டுகள் வழிநடத்திய இடம். சைவ உணவு, மென்மையான ஒழுங்கு, ஆங்கிலம். முதல் இரண்டு வாரத்துக்கு அருமை. மூன்று மாதத்துக்குப் போதிய பிடி இருக்காது என்பது என் கருத்து. குருநாகல் மாவட்டத்தில் மெல்சிரிபுராவில் நா உயன ஆரண்யம் இருக்கிறது. பா அவுக் முறை, பரந்த காடு. பெண்கள் தங்குவதற்கான ஏற்பாட்டை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என் தாய்வழி யாழ்ப்பாணம். சிங்கள விகாரை ஒன்றில் போய்க் கும்பிடுவதா என்ற தயக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. வீட்டிலும் யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போன இடத்தில் வயதான பிக்கு ஒருவர் ஊர் எது என்று கேட்டார். தமிழ் என்றதும், பாலி உரைகள் எழுதிய புத்ததத்தர் சோழ நாட்டுக்காரர், விசுத்திமக்கம் என்ற பாலித் தியான நூலை எழுதிய புத்தகோசரும் காஞ்சியில் தங்கியிருந்தவர், "உங்கள் ஊர்க்காரர்கள் எழுதியதைத்தான் நாங்கள் படிக்கிறோம்" என்றார். என் தயக்கம் அன்றே கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் தங்கினேன். உங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தால், அது குற்றமல்ல. அதோடு போய் உட்கார முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

தாய்லாந்தில் சையாவில் உள்ள சுவான் மோக் விகாரையின் பத்து நாள் முகாமைச் சிலர் சொல்வார்கள். புத்ததாசர் (1906–1993) அமைத்த இடம். சைவ உணவும் மரத்தலையணையும் பிரசித்தம். அது முகாம், நீண்ட தங்கலுக்கான வழி அல்ல. ஆஸ்திரேலியாவில் அஜான் பிரம் என்ற பிக்குவின் போதிஞான விகாரை இருக்கிறது. அவர் பேச்சுக்குச் சிங்கப்பூரில் கூட்டம் அலைமோதும். பெர்த்துக்குப் போய்ச் செலவழிக்க மனமிருந்தால் அங்குள்ள முகாம்களைப் பாருங்கள்.

உங்கள் மாத்திரைக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கவலை. எட்டுச் சீலம் (எட்டு ஒழுக்க விரதம்) எடுத்துக்கொண்டால் நண்பகலுக்குப் பின் திட உணவு கிடையாது. காலை ஐந்தரை வாக்கில் ஒரு வேளை, பத்தரை பதினொன்றுக்கு இன்னொரு வேளை, பிறகு மறுநாள் காலை வரை பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை சட்டென்று இறங்குவது அரிது. கிளிபிசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால் கதை வேறு. நடுஇரவில் வியர்த்து நடுங்கி எழுவீர்கள், அதைத் தியான அனுபவம் என்று வேறு நினைத்துக்கொள்வீர்கள். பலதுறை மருந்தகத்தில் உங்கள் மருத்துவரிடம் போய், "ரமலான் நோன்பிருப்பவர்களுக்கு மாத்திரை நேரத்தை மாற்றித் தருகிறீர்களே, அதுபோல எனக்கும் ஒரு திட்டம் வேண்டும், ஆனால் நான் சாப்பிடுவது காலையில்" என்று கேளுங்கள். அவர்களுக்கு உடனே புரியும். சர்க்கரை பார்க்கும் கருவியைக் கொண்டுபோங்கள். தேன், வெல்லம், நெய் போன்றவற்றை நோயுள்ளவர்கள் மாலையிலும் உட்கொள்ள விநயமே, அதாவது துறவிகளின் ஒழுக்க விதியே, இடம் தருகிறது. தேவைப்பட்டால் இரவு உணவுக்கே அனுமதி கேளுங்கள். உடல்நிலைக்காகக் கேட்பதை எந்த நல்ல ஆசிரியரும் மறுப்பதில்லை. மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

மனநலத்துக்காக எப்போதாவது மருந்து எடுத்திருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். தியானம் செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரை விமானத்தில் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தவள் நான்.

சைவ உணவு பற்றி: தேரவாத (இந்த நாடுகளின் பௌத்த மரபு) விகாரைகளில் மக்கள் தானமாகக் கொடுப்பதை உண்பார்கள், மீனும் கோழியும் இருக்கும். பெரிய மையங்களில் சைவத் தட்டு தனியே கிடைக்கும், முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பெண்ணாகத் தனியே போகிறீர்கள். ஒரு சோதனை சொல்கிறேன், நாற்பது கட்டுரைகளைப் படிப்பதைவிட இது உதவும். பிக்கு ஒரு பெண்ணுடன் மறைவிடத்தில் தனியே அமர்வதை விநயம் தடுக்கிறது. ஆகவே ஒழுங்கான இடத்தில் நேர்காணலின்போது கதவு திறந்திருக்கும், அல்லது மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பார். ஒழுங்கான பிக்கு உங்கள் கையிலிருந்து பணமும் வாங்கமாட்டார். காணிக்கைக்கு அலுவலகமோ உண்டியலோ இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு "உனக்கு மட்டும் தனிப் போதனை" என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் எந்த நிலையை அடைந்திருக்கிறீர்கள் என்று அறிவித்துச் சான்றிதழ் கொடுக்கும் இடங்களையும் நான் தவிர்ப்பேன்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? மதம் மாறச் சொல்லி என்னை எந்த மையத்திலும் யாரும் கேட்டதில்லை. புத்தர் சிலை முன் விழுந்து வணங்குவார்கள், பாலியில் சரணமும் சீலமும் சொல்வார்கள். நீங்களும் சொல்வீர்கள், கோயங்கா முகாமில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள். நகை, பூ, வாசனை வேண்டாம் என்பது எட்டுச் சீலத்தில் ஒன்று. வளையலையும் தோட்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். தாலியைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அது சட்டைக்குள் இருந்தது. அம்மாவின் உண்மையான பயம் மதம் அல்ல என்று நினைக்கிறேன். மகள் மொட்டையடித்துக்கொண்டு திரும்பாமல் போய்விடுவாளோ என்பதுதான். பர்மிய மரபில் பெண்கள் தற்காலிகமாகத் தலையை மழித்து இளஞ்சிவப்பு ஆடை அணிந்து துறவு ஏற்கும் வழக்கம் உண்டு. முதல் முறை அதைச் செய்யாதீர்கள். அம்மாவிடம் திரும்பும் டிக்கெட்டைக் காட்டுங்கள். மையத்தின் அலுவலக எண்ணை எழுதிக் கொடுங்கள். ஏதாவது என்றால் கூப்பிடலாம் என்று தெரிந்தாலே பாதிச் சண்டை தீரும்.

இப்போது வரிசை. இந்த வாரமே சிங்கப்பூரில் தாய் ஜின் சாலையில் உள்ள பர்மிய புத்தர் கோவிலுக்கும், செயின்ட் மைக்கேல்ஸ் சாலையில் உள்ள ஸ்ரீ லங்காராமயா விகாரைக்கும் போங்கள். வார இறுதியில் போனால், அண்மையில் எங்கெங்கோ தங்கித் திரும்பிய யோகிகள் யாராவது இருப்பார்கள். எந்த ஆசிரியர் இப்போது ஊரில் இருக்கிறார், எங்கே மொழிபெயர்ப்பு சரியில்லை, எங்கே தண்ணீர் வருவதில்லை என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். பிறகு பினாங்கு மையத்தில் இரண்டு வாரம் இருந்து பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேர விமானப் பயணம்தான். ஒத்துவரவில்லை என்றால் மூன்று மாத விடுப்பு பாழாகாது. முழங்கால் என்ன சொல்கிறது, சர்க்கரை என்ன சொல்கிறது என்பதும் தெரிந்துவிடும். அது நன்றாகப் போனால் லும்பினிக்கு எழுதுங்கள்.

கடிதத்தை நீளமாக எழுத வேண்டாம். வயது, இதுவரை செய்த பயிற்சி, எத்தனை நாள் தங்க விருப்பம், உடல்நிலை, மருந்து, உணவு. பின் மூன்று கேள்வி: அந்தத் தேதிகளில் ஆசிரியர் இருப்பாரா, நேர்காணல் வாரத்துக்கு எத்தனை முறை, எந்த மொழியில். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். வந்த பதிலில் விசா நீட்டிப்புக்கான கடிதம் தருவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மாதம் என்று கேட்டு, அங்கே போய் ஆசிரியர் ஒப்புக்கொண்டால் நீட்டிப்பது வழக்கம். மூன்று மாதத்தையும் முன்கூட்டியே பிடிவாதமாகக் கேட்பவர்களைவிட அப்படிக் கேட்பவர்களுக்கு எளிதில் இடம் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

போகும் முன் வீட்டுக் கட்டணங்களையெல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் போட்டுவிடுங்கள். கைப்பேசியை ஒப்படைத்த பிறகு அரசின் இணைய அடையாளமான சிங்பாஸும் வங்கியும் கேட்கும் எண்ணை யாரிடம் வாங்குவீர்கள்? டிசம்பர், ஜனவரியில் லும்பினியில் பனிமூட்டம் நாள் முழுக்க நிற்கும். தேக்காவில் வாங்கும் பருத்திச் சால்வை போதாது. கம்பளிச் சால்வை ஒன்றும் கம்பளிக் காலுறை நான்கு ஜோடியும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கால் நடைத் தியானத்துக்குச் சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கும்.